ரேஞ்சுக்குப் போன பையில் தோட்டா தங்கியிருந்தால்? ஹூஸ்டன் – லண்டன் – சென்னை பயணம்

தென்றல்_ஹூஸ்டன் கேட்டது:

வணக்கம். டிசம்பரில் மச்சான் குடும்பம் ஹூஸ்டனிலிருந்து லண்டனில் விமானம் மாறி சென்னை வருகிறது. டெக்சாஸில் அவரிடம் கைத்துப்பாக்கி இருக்கிறது, அவ்வப்போது சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போவார். துப்பாக்கியை எடுத்து வரப்போவதில்லை. ஆனால் ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் அதே டஃபிள் பையில்தான் பிள்ளைகளின் துணிமணியை அடுக்கப்போகிறார்கள். மூலையில் ஒரு தோட்டா கிடந்தால் எங்கே பிடிபடும்? எந்த நாட்டுச் சட்டம் பாயும்? பையை எப்படிச் சோதித்தால் நம்பலாம்? சுட்டு முடித்த காலி உறை இருந்தாலும் பிரச்சினையா?

ஸ்கேனர்_பார்வை:

அந்தப் பையைக் கொண்டுவர வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிடுங்கள். புதுப் பை வாங்கும் செலவு இந்தச் சிக்கலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ரேஞ்சுக்குப் போகும் பை ரேஞ்சுக்கு மட்டும்தான். அதே பைக்குள் வைத்துக் கொண்டுபோகும் ஜாக்கெட், இடுப்புப் பை, காது மூடி வைக்கும் டப்பா எல்லாவற்றுக்கும் இதே விதி.

மறதி எவ்வளவு சகஜம் என்பதற்கு அமெரிக்காவின் விமான நிலையச் சோதனைத் துறையான டிஎஸ்ஏவின் கணக்கே சாட்சி. 2023இல் விமான நிலையச் சோதனை வாயில்களில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. 2024இல் 6,678. இவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குண்டு நிரப்பிய நிலையில் இருந்தவை. முழுத் துப்பாக்கியே நினைவில் இல்லாமல் வருகிறார்கள் என்றால், ஒரு அங்குல நீளமுள்ள தோட்டா எம்மாத்திரம்?

“போன தடவை இதே பையோடுதான் போனோம், ஒன்றும் சொல்லவில்லையே” என்று சொல்லாதீர்கள். எக்ஸ்ரே திரையில் உலோகம் நீல நிறத்தில் தெரியும், துணியும் உணவும் ஆரஞ்சு. தோட்டா படுத்த வாக்கில் இருந்தால் அதன் வடிவம் பளிச்சென்று தெரியும். நெட்டுக்குத்தாக நின்றால் வெறும் நீல வட்டம்தான். நாணயம், சட்டைப் பொத்தான், பேட்டரி முனை என்று எதுவாகவும் கண்ணுக்குப் படலாம். ட்ராலிக் கம்பிக்குப் பக்கத்தில் ஒண்டியிருந்தால் கம்பியின் நிழலிலேயே மறைந்துவிடும். பை குலுங்கித் தோட்டா புரண்டு படுத்ததும் அடுத்த ஊர் ஸ்கேனரில் மாட்டும். போகும்போது தப்பி, திரும்பும்போது பிடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். முப்பரிமாணமாகச் சுற்றிக் காட்டும் சிடி ஸ்கேனர்கள் வந்த இடங்களில் இந்த ஒளிந்துபிடித்தல் அவ்வளவு எளிதில் நடக்காது.

வேறு வழியே இல்லை, அந்தப் பைதான் என்றால் சோதிக்கும் முறை:

பகலில், தரையில் வெள்ளைப் போர்வையை விரித்து அதன்மேல் செய்யுங்கள். எல்லா ஜிப்பையும் திறந்து பையைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள். அடியில் விறைப்புக்காக வைத்திருக்கும் அட்டையை உருவி எடுங்கள். டஃபிள் பையில் தோட்டா தங்கும் முதல் இடம் அந்த அட்டைக்கு அடியில்தான். அடுத்தது உட்புற லைனிங். தையல் ஒரு அங்குலம் விட்டிருந்தாலும் தோட்டா அதற்குள் இறங்கி, பையின் அடிவரை போய்விடும். லைனிங்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து ஓரம் முழுக்க நெருடிப் பாருங்கள். அப்புறம் தண்ணீர் பாட்டில் பை, பேனா செருகும் குழாய், லேப்டாப் உறையின் அடி மடிப்பு, தோள்பட்டியின் பஞ்சுக்குள் போகும் ஜிப். ட்ராலிப் பெட்டி என்றால் உள்ளே லைனிங் ஜிப்பைத் திறந்து கம்பிக் குழாய்களின் இரு பக்கமும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

எதைத் தேடுகிறோம் என்று கைக்குத் தெரிய வேண்டும். சிறிய ரகமான .22 தோட்டா சுமார் 25 மில்லிமீட்டர் நீளம், பென்சிலைவிட மெல்லியது, எடை மூன்று நான்கு கிராம்தான். விரலுக்கு எளிதில் தப்பும். 9 மில்லிமீட்டர் தோட்டா ஏறக்குறைய 30 மில்லிமீட்டர், எடை 12 கிராம் வாக்கில்.

வேலூர்_ராஜா:

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? ஒரு பெரிய காந்தத்தைப் பை முழுக்க ஓட்டினால் ஒட்டிக்கொள்ளாதா?

ஸ்கேனர்_பார்வை:

ஒட்டாது ராஜா. தோட்டாவின் உறை பெரும்பாலும் பித்தளை, தலைப்பகுதி செம்பு பூசிய ஈயம். மூன்றையும் காந்தம் இழுக்காது. எஃகு கலந்த தோட்டாக்களை மட்டும் இழுக்கும். காந்தத்தை ஓட்டிவிட்டு “ஒன்றுமில்லை” என்று நம்புவது வெறுமனே விடுவதைவிட மோசம். கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர் இருந்தால் உதவும், ஆனால் ஜிப், கொக்கி, கம்பி எல்லாவற்றுக்கும் அது கத்தும். விரல்தான் நம்பகம்.

வழக்கறிஞர்_கோடம்பாக்கம்:

இந்தியப் பக்கத்தைச் சொல்கிறேன். இங்கே தோட்டா வைத்திருப்பதற்கும் 1959 ஆயுதச் சட்டத்தின் பிரிவு 3படி உரிமம் வேண்டும். துப்பாக்கி கையில் இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. உரிமம் இல்லாமல் இருந்தால் பிரிவு 25(1பி)(ஏ). 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். ஜாமீனில் விட முடியாத வகைக் குற்றம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்றால் இறக்குமதி பற்றிய பிரிவு 10உம் சேரும். மச்சானிடம் டெக்சாஸ் உரிமம் இருந்தாலும் அதற்கு இங்கே சட்ட மதிப்பு கிடையாது. ஆனால் தோட்டா எப்படிப் பைக்குள் வந்தது என்று விளக்க அது பயன்படும். அதனால் அதன் நகல் போனில் இருக்கட்டும்.

சென்னையில் கிளம்பும்போது பிடிபட்டால் நடைமுறை இதுதான். விமான நிலையத்தைக் காக்கும் மத்தியப் படையான சிஐஎஸ்எஃப் பையை நிறுத்தும், பயணியின் முன்னால் திறக்கும், பயணத்தை நிறுத்தி விமான நிலையக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும். எஃப்ஐஆர் போடப்படும். தோட்டா வெடிக்கக்கூடியதா என்று அறிய தடய அறிவியல் துறைக்குப் போகும். 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்பதால் உடனே கைது செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போலீஸுக்கு இல்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் பிரிவு 35(3)இன் கீழ் ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுத்து அனுப்பலாம். வழக்கறிஞர் முதல் ஒரு மணி நேரத்துக்குள் கேட்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது “தெரிந்து வைத்திருந்தாரா” என்ற கேள்வி. பை அவருடையது என்பது மட்டும் போதாது, உள்ளே தோட்டா இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1972இலும், பிறகு 1994இல் சஞ்சய் தத் வழக்கில் அரசியல் சாசன அமர்விலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. இந்த அடிப்படையில் விமான நிலைய ஒற்றைத் தோட்டா வழக்குகள் பலவற்றை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. மனு போடுவது முன்பு பழைய நடைமுறைச் சட்டமான சிஆர்பிசியின் பிரிவு 482, ஜூலை 2024 முதல் பிஎன்எஸ்எஸ் 528. பிரிவு 3 குற்றத்துக்கு வழக்கு நடத்த மாவட்ட நடுவரின் முன் அனுமதியும் வேண்டும், அது பிரிவு 39. அந்த அனுமதி ஆணை முறையாக இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது.

ஆனால் ரத்தாகும் வரை வழக்கு வழக்குதான். குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும்போது இந்திய பாஸ்போர்ட் புதுப்பிக்க நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டிவரும். விடுமுறைக்கு வந்தவருக்கு டிக்கெட் போகும், வேலைக்குத் திரும்பும் தேதி தள்ளும்.

பிடிபட்ட நிமிடத்தில் செய்வது: பையைத் தொடாமல் விலகி நில்லுங்கள். பை யாருடையது, கடைசியாக எதற்குப் பயன்பட்டது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். “யாரோ போட்டுவிட்டார்கள்” என்று பதற்றத்தில் சொன்ன ஒரு வார்த்தை, பிற்பாடு “ரேஞ்ச் பை, மறந்துவிட்டேன்” என்ற உண்மையையே சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். பறிமுதல் விவரத்தை எழுதும் கைப்பற்றல் மகஜரில் எத்தனை தோட்டா, என்ன அளவு, அடிப்பாகத்தில் பொறித்த எழுத்து என்ன, பையின் எந்த அறையில் கிடைத்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். லைனிங்குக்குள் கிடைத்தது என்று பதிவானால் தெரியாமல் இருந்தது என்ற வாதத்துக்கு அதுவே பலம். எஃப்ஐஆர் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

காலி உறை பற்றிக் கேட்டீர்கள். இந்தியச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் தோட்டா என்ற வரையறைக்குள் வரும். துணைப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாத சிறு பாகங்களுக்குப் பிரிவு 45(டி) விலக்கு தருகிறது. அந்த விலக்கை நீதிமன்றத்தில்தான் பேச முடியும். வாயிலில் நிற்கும் காவலர் அதைத் தீர்மானிக்க மாட்டார்.

லண்டன்_தமிழ்ச்செல்வி:

நடுவில் லண்டன் இருப்பதை யாரும் பேசவில்லையே. செக்-இன் லக்கேஜ் ஹூஸ்டனிலேயே சென்னை வரை டேக் ஆகிவிடும், இடையில் கைக்கு வராது. ஆனால் ஹீத்ரோவில் விமானம் மாறுபவர்களின் ஹேண்ட் லக்கேஜை மறுபடி ஸ்கேன் செய்வார்கள். பிரிட்டனின் 1968 துப்பாக்கிச் சட்டத்தில் உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தாலே குற்றம். “எனக்குத் தெரியாது” என்பது அங்கே தற்காப்பு ஆகாது, தண்டனையின் அளவைக் குறைக்கத்தான் உதவும். இந்தியாவோடு ஒப்பிட்டால் இதுதான் பெரிய வித்தியாசம். ஆகவே சந்தேகமுள்ள எந்தப் பையும் ஹேண்ட் லக்கேஜாக வரவே கூடாது.

அமெரிக்காவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இந்த ஆபத்து உறைப்பதில்லை. உதிரித் தோட்டா அங்கே பல நேரம் ஒப்படைத்துவிட்டுப் போவதோடு முடிந்துவிடும். கடல் தாண்டினால் கதை வேறு. கரீபியன் பகுதியிலுள்ள டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில் தோட்டாவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 12 ஆண்டு என்று சட்டம் இருந்தது. 2024இல் அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் சிலர் பையில் கிடந்த ஒன்றிரண்டு தோட்டாக்களுக்காக ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்காவில் விமானம் ஏறும்போது அந்தத் தோட்டாக்கள் கண்ணில் படவில்லை, தீவிலிருந்து கிளம்பும்போதுதான் பட்டன. அந்த ஜூனில்தான் நீதிபதிகள் தண்டனையைக் குறைக்க இடம் தரும்படி சட்டத்தைத் திருத்தினார்கள். சிங்கப்பூர் வழியாக வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே சட்டவிரோதமாகத் தோட்டா வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி.

தென்றல்_ஹூஸ்டன்:

மிக்க நன்றி. பையை மாற்றச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. மாமனார் தேனி பக்கம், காலமாகிவிட்டார். அவருடைய உரிமத்தில் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது, அதை அப்போதே ஒப்படைத்துவிட்டார்கள். ஆனால் பழைய டிரங்குப் பெட்டியில் தோட்டா ஏதும் மிஞ்சியிருக்குமோ என்று அத்தை பயப்படுகிறார். பிள்ளையிடம் தோட்டா வடிவச் சாவிக்கொத்து ஒன்றும் இருக்கிறது.

வழக்கறிஞர்_கோடம்பாக்கம்:

டிரங்குப் பெட்டியைப் பயணத்துக்கு முன்பே, வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனிருக்கத் திறந்து பாருங்கள். இரட்டைக் குழல் துப்பாக்கியில் வழக்கமாகப் போடும் 12 போர் (குழலின் அளவு) தோட்டா சுமார் 60 மில்லிமீட்டர் நீளம், பிளாஸ்டிக் அல்லது அட்டை உடல், பித்தளை அடி. பழைய அட்டைத் தோட்டா ஈரத்தில் உப்பியிருக்கும். இருந்தால் தேய்க்க வேண்டாம், பிரிக்க வேண்டாம், குப்பையில் போடவே வேண்டாம். உரிமம் பெற்றவர் இறந்த பிறகு அவருடைய ஆயுதமோ தோட்டாவோ கிடைத்தால் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது பிரிவு 21. முதலில் காவல் நிலையத்துக்கு போன் செய்து சொல்லிவிடுங்கள். பிறகு அத்தை பெயரில் ஒரு மனு: இறந்தவர் பெயர், உரிம எண், இறப்புச் சான்றிதழ் நகல், தோட்டாக்களின் எண்ணிக்கை, கிடைத்த தேதி. இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். அந்த ஒப்புகையை, துப்பாக்கியை ஒப்படைத்த ரசீதோடு சேர்த்து வையுங்கள். முக்கியமாக, அந்த டிரங்குப் பெட்டியில் இருந்த கோட்டு, தோல் பை எதையும் ஹூஸ்டனுக்கு ஞாபகார்த்தமாக எடுத்துப்போக வேண்டாம். வேட்டைக் கோட்டின் உள்பையில் தோட்டா செருக வளையங்களே தைத்திருப்பார்கள்.

ஸ்கேனர்_பார்வை:

சாவிக்கொத்தை வீட்டிலேயே விட்டுவிடட்டும். திரையில் அது தோட்டாவாகத்தான் தெரியும், பை திறக்கப்படும். நிஜ உறையில் செய்த சாவிக்கொத்துகளும் கடையில் விற்கின்றன. அடிப்பாகத்தைப் பாருங்கள்: நடுவில் சிறு வட்டம் இருந்து, அதில் ஊசி குத்திய பள்ளம் இல்லாவிட்டால், வெடிக்கும் மருந்து இன்னும் அதில் இருக்கலாம். .22 வகையில் நடு வட்டமே இருக்காது, சுட்டிருந்தால் விளிம்பில்தான் தழும்பு தெரியும். துப்பாக்கி வடிவப் பொம்மைக்கும் லைட்டருக்கும் இதே கதிதான். பிள்ளைகளின் பென்சில் டப்பாவை அத்தோடு சேர்த்து ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.

ரைபிள்_கிளப்_மதுரை:

போட்டிக்குத் துப்பாக்கியோடு பறப்பவர்கள் இந்தத் திரியைப் படித்தால் குழம்பக்கூடாது என்பதற்காக: சட்டப்படி கொண்டுபோக வழி இருக்கிறது. செக்-இன் லக்கேஜில் மட்டும், குண்டு நீக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுண்டரிலேயே சொல்லி, உரிமத்தைக் காட்டி. தோட்டா தனியாக, உதிரியாக இல்லாமல் அதற்கான பெட்டியில், ஒருவருக்கு மொத்தம் 5 கிலோ வரை. இரண்டு பேர் அளவைச் சேர்த்து ஒரே பெட்டியில் 10 கிலோ என்று போட முடியாது. உரிமம் தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லுமா, இந்தியா முழுவதுக்குமா என்று கிளம்பும் முன் பாருங்கள். எல்லை தாண்டியது உரிம நிபந்தனை மீறல், பிரிவு 30இல் 6 மாதம் வரை போகும். திரும்பி வரும்போதுதான் தவறு நடக்கிறது. மீந்த தோட்டாக்களை எண்ணிப் பெட்டியில் வைக்காமல் பேண்ட் பாக்கெட்டில் போட்டு, அதே பேண்ட்டோடு செக்யூரிட்டிக்குள் நுழைந்துவிடுகிறார்கள். எத்தனை கொண்டுபோனோம், எத்தனை சுட்டோம், எத்தனை மீதி என்று ரேஞ்சிலேயே எண்ணி, உரிமப் புத்தகத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணக்கில் ஒன்று குறைந்தால் அது கிடைக்கும் வரை விமான நிலையத்துக்கு வண்டி பிடிக்காதீர்கள்.