வால்யூமில் 4 டிபி காலி இருந்தும் பேக்கப் ஃபைல் 16 டிபியில் நிற்கிறது. அதிகபட்ச அளவை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி:
வணக்கம். எங்கள் பேக்கப் சர்வரில் 4 டிபி டிஸ்க் எட்டு, ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் பழுதானாலும் டேட்டா தப்பும் அமைப்பு). லினக்ஸ், இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை). ஃபைல் சர்வரின் முழு பேக்கப் ஒரே இமேஜ் ஃபைலாக விழுகிறது. நேற்று இரவு அது 16 டிபியில் நின்றுவிட்டது. லாகில் 'ஃபைல் டூ லார்ஜ்' என்று இருக்கிறது. இடம் இருந்தும் ஏன் எழுத மறுக்கிறது? அடுத்து 8 டிபி டிஸ்க் பன்னிரண்டு வாங்கப்போகிறோம். அதில் ஒரு ஃபைல் எவ்வளவு வரை வரலாம் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

பதில் 1:
இடம் தீர்ந்திருந்தால் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று வந்திருக்கும். நீங்கள் முட்டியது ஃபைல் சிஸ்டத்தின் எல்லையில். டியூன்2எஃப்எஸ் கட்டளையை மைனஸ் எல் போட்டு ஓட்டிப் பாருங்கள், 'பிளாக் சைஸ்' (ஃபைலைப் பிரித்து வைக்கும் துண்டின் அளவு) 4096 பைட் என்று காட்டும். இஎக்ஸ்டி4 ஒரு ஃபைலின் பிளாக்குகளை 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. 2-இன் 32-ஆம் அடுக்கை 4096-ஆல் பெருக்கினால் சரியாக 16 டெபிபைட் (1024 கணக்கில் டிபி). வால்யூமை எவ்வளவு பெரிதாக்கினாலும் இது மாறாது.

எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் இந்த எல்லை 8 எக்ஸ்பிபைட் (80 லட்சம் டிபிக்கும் மேல்), அதாவது கவலையே வேண்டாம். ஆனால் இருக்கும் வால்யூமை அப்படியே மாற்ற முடியாது, ஃபார்மேட் செய்தாக வேண்டும். அதுவரை பேக்கப் மென்பொருளில் ஃபைலை 2 டிபி துண்டுகளாகப் பிரிக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

பதில் 2:
பதில் 1-இல் அண்ணன் சொன்னது சரி. ஆனால் திட்டமிடும்போது 8 எக்ஸ்பிபைட்டைப் பார்க்காதீர்கள். புது முழு பேக்கப் எழுதி, சரிபார்த்து முடியும் வரை பழையதை அழிக்கக் கூடாது. ஆக, ஒரே நேரத்தில் இரண்டு முழு பேக்கப்புக்கு இடம் வேண்டும். பலர் வழுக்குவது இங்கேதான்.

உங்கள் கணக்கு: ரெய்டு 6-இல் 2 டிஸ்க் அளவு பேரிட்டிக்கு (பழுதான டிஸ்கை மீட்க உதவும் தகவல்) போக, 10 × 8 = 80 டிபி. டிஸ்க் கம்பெனி 1000-ஆல் எண்ணுகிறது. 1024 கணக்கில் அது 72.8. பத்து சதவீதம் காலியாக விட்டால் 65.5. தினசரி இன்க்ரிமென்டல் (அன்று மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப்) எவ்வளவு வருகிறது?

கேட்டவர்:
ஏறக்குறைய 0.2 டிபி. 14 நாள் வைத்திருப்போம்.

பதில் 2:
அப்போ 2.8 போகும். மீதி 62.7, அதில் பாதி 31. இதுதான் உங்கள் அதிகபட்ச ஃபைல். எக்ஸ்எஃப்எஸ்ஸின் ரிஃப்ளிங்க்கை (ஒரே பிளாக்கைப் பல ஃபைல்கள் பகிரும் வசதி) பயன்படுத்தும் மென்பொருள் பழைய பிளாக்குகளையே பகிர்ந்துகொள்ளும், இடம் மிச்சமாகும். ஆனாலும் மூலச் சர்வரிலிருந்து புதிதாக முழு பேக்கப் எடுக்கும் நாளில் அந்தச் சலுகை இல்லை. அந்த நாளுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

பதில் 3:
யாராவது விண்டோஸில் செய்தால்: அங்கே உள்ள என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் 4 கேபி கிளஸ்டர் (விண்டோஸில் பிளாக்குக்குப் பெயர்) என்றால் வால்யூமே 16 டிபிதான். 64 கேபி போட்டால் 256 டிபி வரை போகலாம். ஃபார்மேட் கட்டளையில் ஸ்லாஷ் எல் சேருங்கள். இல்லாவிட்டால் ஃபைல் ரொம்பச் சிதறும்போது எல்லைக்கு வெகு முன்பே நின்றுவிடும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. எங்கள் டேட்டா இப்போது 18 டிபி, ஆண்டுக்கு 4 ஏறுகிறது. 31 என்றால் மூன்று ஆண்டு ஓடும். புது வால்யூம் எக்ஸ்எஃப்எஸ்தான். பழையதில் இன்றிரவே 2 டிபி துண்டுகளாகப் பிரித்து ஓட்டுகிறேன்.