திருமலை (திருகோணமலை) பழைய சைவக் கடைக் குடும்பங்கள்

கேள்வி: பிரதான வீதிப் பக்கம் சின்ன வயதில் நாங்கள் தோசை சாப்பிட்ட கடை, இந்தியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துடையது. அவர்களின் பேரப்பிள்ளைகள் யாராவது இன்னும் திருமலையில் இருக்கிறார்களா?

பதில்: அண்ணை, எங்கள் தாத்தாவும் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கடை போட்டவர்தான். இந்திய வம்சாவளித் தமிழர் பலரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு சித்தப்பா குடும்பம் இந்தியா போய்விட்டது, அப்பா மட்டும் கல்லாவை விடவில்லை, விடிய நாலு மணிக்கே மாவைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, புளிப்புக் காணாது என்றால் முதல் தோசையை ஊற்றவே விடமாட்டார். அந்தத் தோசைக்கல் இப்போதும் என் அடுப்பில்தான், நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது.

இன்னொருவர் பதில்: 1983 இனக்கலவர ஊரடங்கு நேரம் பின்கதவால் இடியப்பப் பார்சல் தந்த முதலாளியை அம்மா இன்றும் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் சொல்லுவா.

கேட்டவர்: தம்பி, அந்தக் கல்லை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அப்புறம், கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?