இணைய அழைப்பு, மெசேஜ் செயலிகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி:
வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம் மூன்றுமே என்கிரிப்ஷன் (தகவலைச் சாவி போட்டுப் பூட்டுவது) இருக்கிறது என்கின்றன. அப்படியென்றால் நடுவில் யாராலும் கேட்கவோ படிக்கவோ முடியாதா?

பதில் 1:
மூன்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் 2016 முதல் சிக்னல் புரோட்டோகால்தான், அதாவது சிக்னல் செயலியில் இருக்கும் அதே எண்ட்-டு-எண்ட் (பேசுபவர்கள் மட்டுமே திறக்கக்கூடிய) பூட்டு முறை. சாவி பேசுபவர்களின் போன்களில் இருக்கும், சர்வரிடம் இருக்காது. டெலிகிராமில் இருவர் பேசும் அழைப்பு இந்த வகை. சாதாரண சாட்டும் குரூப்பும் அப்படியல்ல, நிறுவனத்தால் திறக்க முடியும். ரகசிய சாட் என்று தனியாகத் தொடங்கினால்தான் பூட்டு, அதுவும் இருவருக்குள் மட்டும். இது தெரியாமல் குரூப்பில் எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள்.

நடுவழியில் உடைப்பது மிகக் கடினம். கசிவது முனைகளில்தான், முக்கியமாக பேக்கப்பில். கூகுள் டிரைவ், ஐகிளவுடுக்குப் போகும் வாட்ஸ்அப் பேக்கப்புக்கு எண்ட்-டு-எண்ட் பூட்டு தானாக வராது. அமைப்புகளில் சாட் பேக்கப் போய் நீங்களே ஆன் செய்ய வேண்டும். பாஸ்வேர்டு அல்லது 64 இலக்கச் சாவியைத் தேர்ந்தெடுத்தால் பத்திரமாக எழுதி வையுங்கள். தொலைந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத்தர முடியாது. எதிர்முனையில் இருப்பவரும் இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் அதே சாட் அவர் பேக்கப் வழியாக வெளியே போகும்.

பதில் 2:
அழைப்பில் வேறொரு சிக்கல். இருவர் பேசும்போது தரவு நேராகப் போகலாம். அப்போது உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண்) எதிராளிக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் தனியுரிமை, மேம்பட்டவை போய் அழைப்புகளில் ஐபி முகவரியை மறைக்கும் வசதியை ஆன் செய்யுங்கள். சிக்னலிலும் எல்லா அழைப்பையும் சர்வர் வழியே அனுப்பும் வசதி உண்டு. குரல் தரம் கொஞ்சம் குறையலாம்.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2019இல் வாட்ஸ்அப் அழைப்பில் இருந்த ஓட்டை வழியாக பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் போன்களுக்குள் நுழைந்தது. அழைப்பை எடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. போனே இப்படி வேறொருவர் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டால் என்கிரிப்ஷன் எதையும் காப்பாற்றாது.

கேள்வி கேட்டவர்:
வாட்ஸ்அப்பில் நண்பரின் பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது என்று வருகிறதே, ஒட்டுக்கேட்கிறார்களா?

பதில் 3:
பெரும்பாலும் அவர் போனை மாற்றியிருப்பார் அல்லது செயலியை மறுபடி நிறுவியிருப்பார். ஆனாலும் அவர் எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றி வேறொருவர் நுழைந்தாலும் இதே அறிவிப்புதான் வரும். அதனால் அந்த சாட்டிலேயே கேட்காதீர்கள். நேரில் பார்த்து அந்தக் குறியீட்டின் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள், அல்லது அதன் 60 இலக்கங்களையும் வேறு வழியில் ஒப்பிடுங்கள். உங்கள் கணக்குக்கு இரு-படிச் சரிபார்ப்பில் 6 இலக்க பின் போடுங்கள். ஓடிபி மட்டும் கையில் இருப்பவரால் அப்போது உடனே உள்ளே வர முடியாது. இணைத்த சாதனங்கள் பட்டியலையும் பாருங்கள், தெரியாத கணினி இருந்தால் உடனே லாக்-அவுட்.