லுபோக் அந்துவுக்கு முதல் போஸ்டிங்: இபான் ஊர்ல வேலை பார்த்தவங்க வழி சொல்லுங்க

கேள்வி – கவி (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சி முடிச்சு முதல் போஸ்டிங் வந்திருக்கு. சரவாக், ஸ்ரீ அமான் பிரிவு, லுபோக் அந்து மாவட்டம். பள்ளிக்கூடம் பாத்தாங் ஆய் ஏரிக்கு மேல ஒரு ஆத்தோரம், படகுலதான் போகணுமாம். பிள்ளைங்க அத்தனை பேரும் சரவாக் பூர்வகுடியான இபான். ஆரம்பப் பள்ளியிலேயே விடுதியில தங்கிப் படிக்கிறவங்க. எனக்கு மலாய் நல்லா வரும், இபான் ஒரு வார்த்தை தெரியாது. பன்றி சாப்பிட மாட்டேன், மது தொட மாட்டேன். யாரோ சொன்ன தலைவேட்டைக் கதையைக் கேட்டு அம்மா பயந்துபோய் இருக்காங்க. அங்க இருந்தவங்க யாராவது சொல்லுங்க, ஜனங்க எப்படி? அவங்க வீட்டுக்குப் போனா எப்படி நடந்துக்கணும்?

பதில் – செல்வம் (கூச்சிங்)

வழி மட்டும் நான் சொல்றேன் தங்கச்சி. கூச்சிங்ல இருந்து செரியான், லாச்சாவ் தாண்டி, ஜெலுகோங் முச்சந்தியில லுபோக் அந்து ரோட்டுக்குத் திரும்பணும். கார்ல நாலு, அஞ்சு மணி நேரம். தீபகற்பத்துக்காரங்களுக்கு கூச்சிங் விமான நிலையத்துலயே இமிகிரேஷன் உண்டு. சும்மா வர்றவங்களுக்கு 90 நாள் சீட்டுதான், அதனால வேலைக் கடிதத்தைக் கையிலயே வெச்சுக்குங்க. கடிகாரம் ஒண்ணுதான், ஆனா இங்க சாயங்காலம் ஏழு மணிக்குள்ள இருட்டிடும். காலையிலயே கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே படகு ஏறிடுங்க.

பதில் – பழைய வாத்தியார் (தைப்பிங்)

கவிம்மா, நான் அந்த மாவட்டத்துல வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றாச்சு. இன்னைக்கும் அந்த ஊர்க்காரங்க போன் பண்ணுவாங்க.

முதல்ல அம்மாவுக்கு. தலைவேட்டை அவங்க முப்பாட்டன் காலத்துச் சமாச்சாரம். சில பழைய வீடுகள்ல மண்டையோடுங்க கூரைக்குக் கீழ கட்டித் தொங்கும். தொடாதீங்க, அதுக்கு முன்னாடி நின்னு படம் எடுக்காதீங்க, அவ்வளவுதான். இப்ப பெரும்பாலும் கிறிஸ்தவங்க. தனியா வந்த பொம்பளப் பிள்ளைக்கு அந்த ஊரைவிடப் பாதுகாப்பான இடம் நான் பார்த்ததில்ல.

நீங்க தோட்டத்துல வளர்ந்தவங்களா? அப்படின்னா நீள வீட்டைப் பார்த்ததும் லயம் மாதிரியே தெரியும். ஒரே கூரை, வரிசையாக் கதவு. ஆனா லயத்தைக் கட்டினது கம்பெனி, வேலை போனா வீடும் போச்சு. நீள வீட்டை ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கைத் தானே கட்டி மத்தவங்களோட சேர்த்துக்குது. கதவுக்குப் பின்னால இருக்கிற பிலேக் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். கதவுக்கு முன்னால வீட்டு நீளத்துக்கும் ஓடுற ருவாய் எல்லாருக்கும் பொது. அதுக்கும் வெளியில திறந்த தாஞ்சு, அங்க மிளகும் நெல்லும் காயும். ஒரு வீடுன்னா ஒரு கிராமம். "எத்தனை வீடு"ன்னு கேட்க மாட்டாங்க, "எத்தனை கதவு"ன்னுதான் கேட்பாங்க.

வீட்டுக்குத் தலைவர் தூவாய் ரூமா. வீட்டுப் பேரே பெரும்பாலும் அவர் பேர்தான், தலைவர் மாறினா பேரும் மாறும். அதனால பிள்ளைங்க விவரத்துல "ரூமா இன்னார்"னு மட்டும் எழுதி வெச்சா ரெண்டு வருஷத்துல யாருக்கும் புரியாது. நங்கா (ஆறு வந்து சேர்ற முகம்) என்ன, எந்த ஆறுன்னும் சேர்த்து எழுதுங்க. சண்டை சச்சரவு வந்தா முதல் விசாரணை அவர்கிட்டதான். அதுக்கு மேல பல வீடுகளுக்குத் தலைவரான பெங்ஹுலு. அபராதம் உட்பட எல்லாத்துக்கும் எழுதி வெச்ச ஆதாட், அதாவது வழக்கச் சட்டம் இருக்கு. முதல் தடவை போகும்போது நேரா அவரைப் பார்த்துச் சொல்லிட்டுத்தான் உட்காரணும். துக்க வீடா இருந்தா, வரலாமான்னு வெளியிலயே நின்னு கேளுங்க.

சாப்பாடு. மூங்கில்ல அடைச்சு நெருப்புல வேகவைக்கிற கோழி, மிடின் கீரை, மரவள்ளிக் கொழுந்து, அந்த மஞ்சள் உருண்டைப் புளிக் கத்தரிக்காய் போட்ட மீன் சாறு, எல்லாம் நீங்க தாராளமாச் சாப்பிடலாம். பன்றி வேண்டாம்னு முதல் நாளே நேரா சொல்லிடுங்க, வருத்தப்பட மாட்டாங்க. துவாக், அதாவது அரிசிக் கள் நீட்டினா கையை ஆட்டி மறுக்காதீங்க. கிளாசை விரல் நுனியால தொட்டு, அந்த விரலை உதட்டுல வெச்சுக்குங்க. குடுத்ததைத் தொடாமப் போனா போறவங்களுக்கு ஆபத்து வரும்னு நம்புறாங்க, அதுக்குப் பேர் பூனி. தொட்டுட்டா போதும், யாரும் வற்புறுத்த மாட்டாங்க.

இப்ப நான் நிஜமாச் சொல்ல வந்தது. பிள்ளையைப் பத்திப் பேச பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் எழுதாதீங்க. நீங்க ருவாய்க்குப் போங்க. கடிதம் போய்ச் சேர்றது பாட்டி கைக்குத்தான். பெஜாலாய்னு ஊரை விட்டுப் போய்ச் சம்பாதிக்கிறது அவங்க ஆண்களுக்குப் பரம்பரை வழக்கம். இப்ப பெண்களும் போறாங்க, மீரி, பிந்துலு, ஜொகூர்னு. பாதிக் கதவு பூட்டிக் கிடக்கும். இருக்கிறது தாத்தா பாட்டியும் சின்னப் பிள்ளைங்களும். அறுவடை நேரத்துல ஒரு பையன் விடுதிக்குத் திரும்பலைன்னா, மட்டம் போட்டான்னு எழுதுறதுக்கு முன்னாடி யோசிங்க. மலைச் சரிவுல பாட்டி தனியா நெல் அறுத்துட்டு இருப்பாங்க.

சாயங்காலம் போனீங்கன்னா பாய் விரிப்பாங்க. பாட்டி ஒருத்தி பாய் பின்ற பெம்பான் தண்டை நீளவாக்குல கீறி, ஒரு நுனியைக் கால்விரல்ல பிடிச்சுக்கிட்டு, உள்சோத்தைக் கத்தியால வழிச்சு எடுத்துட்டே பேசுவாங்க. கைவேலை நிக்காது, பேச்சும் நிக்காது. அவசரப்பட்டு மார்க் விஷயத்தை எடுக்காதீங்க. "ஊடா மாகாய்?", சாப்பிட்டாச்சான்னு கேளுங்க. மழை, மிளகு விலை, யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் முடிஞ்சப்புறம் அவங்களே பேரனைப் பத்திக் கேட்பாங்க. அந்தப் பேச்சுக்கு அப்புறம் எழுத்துக் கூட்ட ஆரம்பிச்ச பிள்ளைங்களை நான் பார்த்திருக்கேன்.

கவி

ரொம்ப நன்றி சார். அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். இன்னும் ரெண்டு கேள்வி. பிள்ளைங்க பேர்ப் பட்டியல் வந்திருக்கு, எல்லாத்துலயும் நடுவுல "அனாக்"னு இருக்கு. அப்புறம், ஏரிக்கு அடியில பழைய ஊருங்க இருக்குன்னு சொன்னாங்க. அதைப் பத்தி அவங்ககிட்டக் கேட்கலாமா?

பதில் – பழைய வாத்தியார்

நம்ம அடையாள அட்டையில அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான்னு போடுற மாதிரிதான் அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வெறும் அனாக், பின்னால அப்பா பேர். பெரியவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. பையன் பேர் அந்தோணின்னா அப்பா "அப்பாய் அந்தோணி", அம்மா "இந்தாய் அந்தோணி". தாத்தா "ஆக்கி", பாட்டி "இனி".

ஏரி விஷயம். அந்த ஏரியே மின்சார அணை கட்டினதால வந்ததுதான். அணை 1985-ல முடிஞ்சது, 108 மெகாவாட். சுமார் மூவாயிரம் பேரை ஊரை விட்டு எழுப்பி வேற இடத்துல குடிவெச்சாங்க. மலைநெல் காடு, பாட்டன் நட்ட டுரியான், இடுகாடு எல்லாம் தண்ணிக்குள்ள போச்சு. மீள்குடியேத்தத்துல குடுத்த நிலம் ஆத்தங்கரை வாழ்க்கைக்கு ஈடாகலைன்னு பெரியவங்க சொல்லி நான் நிறையக் கேட்டிருக்கேன், அது நியாயமான வருத்தம். ஏரிக்கு மேல இருந்த வீடுங்கள்ல பல, அணை வந்தும் ரொம்ப காலம் ஜெனரேட்டர்லதான் ஓடுச்சு. சோலார் வந்ததெல்லாம் பின்னாடிதான். நான் இருந்தப்போ விடுதியில டீசல் தீர்ந்தா பிள்ளைங்க மெழுகுவத்தியில படிச்சாங்க. அதை நினைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல. நீங்களா கேட்காதீங்க. படகுல போகும்போது அவங்களே கையை நீட்டி, "இங்கதான் எங்க வீடு இருந்தது"ன்னு காட்டுவாங்க. அப்ப கேளுங்க, பேர் பேரா சொல்வாங்க.

வறட்சியில ஏரி தாண்டினதும் ஆறு வத்திடும். படகு முன்னால கழி வெச்சு நிக்கிறவர் இறங்கச் சொன்னா இறங்கி, கூழாங்கல்லு மேல கரையோரமா நடங்க. ஷூ வேண்டாம், ரப்பர் செருப்பு போதும். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்குங்க.

ஜூன் 1 கவாய், அவங்க அறுவடைத் திருநாள். முதல் வருஷம் லீவுக்கு உடனே பேராக்குக்கு டிக்கெட் போடாதீங்க. மீரியிலயும் ஜொகூர்லயும் இருக்கிற அப்பா அம்மாங்க அப்பத்தான் வருவாங்க, பூட்டின கதவெல்லாம் திறந்திருக்கும். மார்க் புத்தகங்களைப் பிளாஸ்டிக் பையில கட்டி எடுத்துட்டுப் போங்க, படகுல நனைஞ்சிடும்.