மீனெண்ணெய் லிபிட் ஏறும் இரவுகளில் மட்டும் ஃபில்டர் அடைக்கிறது

அம்மாவுக்கு 58 வயது, 50 கிலோ, குறுங்குடல் (குடல் நீளம் குறைந்து, உணவு போதிய அளவு உறிஞ்சப்படாத நிலை). லண்டனில் வீட்டிலேயே வாரம் 6 இரவு ஹிக்மன் லைன் (மார்பு வழியே பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும் குழாய்) வழியாக நேராக ரத்தத்தில் ஊட்டம், 12 மணி நேரம், 2 லிட்டர் பை. அதில் 3 இரவு பையில் லிபிட் (கொழுப்புப் பால்மம்) உண்டு. ஈரல் அளவுகள் ஏறியதால் 2 மாதத்துக்கு முன் சோயா எண்ணெய் லிபிடை நிறுத்தி, கொழுப்பில் 15% மீனெண்ணெய் கலந்த 20% லிபிட், 200 மி.லி. ஆக்கினார்கள்.

மூன்று வாரமாக லிபிட் இரவில் எட்டு மணி நேரம் ஓடியபின் பம்ப் அடைப்பு அலாரம். 1.2 மைக்ரான் ஃபில்டரை மாற்றினால் ஒரு மணி நேரம் ஓடி மறுபடி நிற்கிறது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டவில்லை, ஓட்டவும் கூடாது. லைனில் 10 மி.லி. சலைன் தடையின்றிப் போகிறது. ஃபிரிட்ஜ் 4 டிகிரி. பையின் மேலே வெள்ளை ஏடு, மெல்லக் கவிழ்த்தால் கலந்துவிடுகிறது. மஞ்சள் எண்ணெய்ச் சொட்டு இல்லை. காய்ச்சல் இல்லை. நின்ற பை பத்திரமாக இருக்கிறது, ஊட்டக் குழுவுக்கும் சொல்லியாயிற்று.

என் சந்தேகம் மெக்னீசியம். ஒரு மாதம் முன்பு பையில் அதை 8லிருந்து 14 மில்லிமோலாக ஏற்றினார்கள். அதன் நேர்மின்னேற்றம் எண்ணெய்த் துளிகள் ஒன்றையொன்று விலக்கும் விசையைக் குறைத்து, ஒட்டவைக்கும்.

மெக்னீசியத்தை லிபிட் இல்லாத பைகளுக்கு மாற்றியபின் இந்த அடைப்பு நின்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா?