கபாலி, ஜகாட்: இரண்டையும் பார்த்தாச்சு, எதை வைத்து ஒப்பிடுவது?

செந்தூல் வாசகி:
வணக்கம். கல்லூரித் தமிழ்க் கழகத்தில் அடுத்த மாதம் இந்த இரண்டு படங்களையும் பற்றிக் கலந்துரையாடல் வைக்கிறோம். இரண்டிலும் மலேசியத் தமிழர், தோட்டம், குண்டர் கும்பல். ஆனால் ஒன்று ரஜினி படம், இன்னொன்றில் பெரிய நட்சத்திரம் யாருமில்லை. ‘அது மசாலா, இது யதார்த்தம்’ என்று இரண்டே வரியில் பேச்சு முடிந்துவிடும் போலிருக்கிறது. எதைப் பிடித்துக்கொண்டு பேசலாம்? ஒரே நாளில் இரண்டையும் திரையிடலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் மணி:
முதலில் யார் எந்தக் ‘கபாலி’யைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள் தங்கச்சி. மூலப் படம், திரை இருண்டு துப்பாக்கிச் சத்தத்தோடு முடியும். கபாலி செத்தாரா இல்லையா என்பது நம் ஊகத்துக்கு. 2016இல் நம் நாட்டுத் திரையரங்குகளில் ஓடிய பிரதியில், அவர் போலீசில் சரணடைந்தார் என்று எழுத்து வரும். இது தெரியாமல் பேச உட்கார்ந்தால், முடிவைப் பற்றி ஆளுக்கொரு படத்தை நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள்.

ஒரே நாள் வேண்டாம். ‘கபாலி’ சுமார் இரண்டரை மணி நேரம், ‘ஜகாட்’ ஏறக்குறைய ஒன்றரை. இடைவேளையும் சேர்த்தால் பேச யாருக்கும் தெம்பு இருக்காது. முதல் வாரம் ‘ஜகாட்’, அடுத்த வாரம் ‘கபாலி’. மாற்றிப் போட்டால், பின்னணி இசை காதில் இருக்கும்போதே ‘ஜகாட்’டைப் பார்ப்பவர்களுக்கு முதல் இருபது நிமிடம் இழுவையாகத் தெரியும்.

இன்னொன்று: வீட்டுச் சந்தாவில் ஓடும் படத்தை மண்டபத்தில் போட்டுக் காட்ட அந்தச் சந்தா போதாது. உரிமையாளரிடம் எழுத்து அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஜார்ஜ்டவுன் அக்கா:
யதார்த்தம், மசாலா பேச்சை விட்டுவிட்டு ஒரே கேள்வியை இரண்டு படத்திடமும் கேட்டுப் பாரும்மா: ஒரு பையன் எப்படிக் கும்பலில் போய்ச் சேருகிறான்?

‘ஜகாட்’டில் படமே அதுதான். 1990களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம். அப்பா மணியம் கூலி வேலை செய்கிறார், மகன் அப்போய் படித்து முன்னேற வேண்டும் என்று அடிக்கிறார். ஒரு சித்தப்பா குண்டர், இன்னொருவர் போதையில் விழுந்து எழுந்தவர். இப்படி மூன்று அண்ணன் தம்பிகளை வைத்தே, தோட்டம் போனபின் நம் ஆட்களுக்கு மிச்சமிருந்த வழிகளை இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாள் காட்டிவிடுகிறார். அடி ஏற ஏற, பையன் குண்டர் சித்தப்பா பக்கம் சாய்கிறான். அந்தச் சாய்வை ஒவ்வொரு காட்சியாகக் குறித்துக்கொண்டே பாருங்கள்.

‘கபாலி’யில் அந்தப் படிக்கட்டு கிடையாது. பிள்ளைகள் ஏற்கெனவே கெட்டு, மீட்கப்பட்டு, ‘ஃப்ரீ லைஃப்’ பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பா. ரஞ்சித்துக்கு முக்கியம் கௌரவம். சிறையில் கபாலி கையிலிருக்கும் புத்தகம் ‘மை ஃபாதர் பாலையா’, ஒரு தலித் குடும்பத்தின் தலைமுறைக் கதை. பிறகு அந்தக் கோட்டு. தோட்டத் தொழிலாளியாக இருந்தவன் கோட்டு போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்காருவதுதான் எதிரிக்கு உறுத்தல். அதைச் சும்மா ஸ்டைல் என்று தள்ளினால் பாதிப் படம் போச்சு.

நாசர் பாத்திரத்தின் பெயர் தமிழ்நேசன். 1924இல் தொடங்கி 2019 வரை வந்த நம் நாளேட்டின் பெயர் அது. சம ஊதியம் கேட்கும் தோட்டக் காட்சிகளோடு சேர்த்துப் பேச நல்ல இடம்.

செந்தூல் வாசகி:
நன்றி அக்கா, இது போதும் போலிருக்கிறது. பேச்சு வழக்கையும் தொடலாமா?

ஜார்ஜ்டவுன் அக்கா:
கட்டாயம். ‘ஜகாட்’டில் எல்லாரும் நம் தெருவில் பேசுகிற மாதிரியே பேசுகிறார்கள், மலாய்ச் சொல் தானாக வந்து விழும். ‘கபாலி’யில் பெரும்பாலும் சென்னைத் தமிழ், ஆங்காங்கே நம் ஊர்ப் பேச்சில் வாக்கிய முடிவில் ஒட்டும் ‘லா’. இரண்டிலும் இரண்டிரண்டு நிமிட வசனத்தைப் படம் இல்லாமல் ஒலியாக மட்டும் போடுங்கள். எது எந்த ஊர் என்று கூட்டமே சொல்லிவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மணி:
வசூல், செலவு ஒப்பீட்டை மட்டும் யாரும் ஆரம்பிக்க விடாதீர்கள். 2015 டிசம்பரில் வந்த ‘ஜகாட்’, மறு ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படம் விருது வாங்கியது. அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் ‘பாவம், சின்னப் படம்’ என்ற பேச்சு எழாது. ஒலித் துண்டுகளை முன்னாளே வெட்டி, மண்டப ஒலிபெருக்கியில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ‘ஜகாட்’டின் மெதுவான வசனம் பின் வரிசைக்குக் கேட்கிறதா என்று கவனியுங்கள்.