புரோகிரசிவ் கண்ணாடி: எங்கள் குடும்பக் குழுவில் பேசிக்கொண்டது

செவ்வாய்

சித்தி (காலை 7:10)
தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸ்ல, நடுவுல கோடு இல்லாம வர்ற இந்தப் புது புரோகிரசிவ் கண்ணாடி போட்டதுலேர்ந்து எனக்கு ஒண்ணும் சரிப்பட்டு வரல. தலையைத் திருப்பினா சுவரும் கூடவே நகருது. படி இறங்கக் கால் வைக்கவே பயமா இருக்கு. பேசாம பழைய கண்ணாடியையே போட்டுக்கலாம்னு பார்க்கறேன்.

சித்தப்பா (7:14)
எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்தது. போடப் போடப் பழகிடும். கழட்டி வைக்காதே.

அண்ணன் (7:20)
எதுக்கு சித்தி இந்த அவஸ்தை? திருப்பிக் கொடுத்துட்டு நடுவுல கோடு போட்ட பைஃபோகலே வாங்கிடுங்க.

அக்கா (7:31)
சித்தி, இப்பவே திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆனா பழகிடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டும் இருக்க வேண்டாம். ஆப்டிகல்ஸ்ல தினமும் இதைத்தான் பார்க்கறேன். பழகிப்போற தொந்தரவு வேற, ஃப்ரேம் பொருத்தம் தப்பினதால வர்ற தொந்தரவு வேற. ரெண்டாவது எத்தனை மாசம் போட்டாலும் போகாது.

அக்கா (7:33)
நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நேரா நின்னு தூரத்துல பாருங்க, தெளிவா தெரியுதா? அப்புறம் பேப்பரை எப்பவும் படிக்கற மாதிரி பிடிச்சுக்கிட்டு, தலையை அசைக்காம கண்ணை மட்டும் கீழே இறக்கிப் படிச்சுப் பாருங்க.

சித்தி (7:42)
தூரம் பளிச்சுனு இருக்கு. பேப்பர்தான், தாடையை நல்லா மேல தூக்கினாத்தான் எழுத்து தெரியுது. கழுத்து வலிக்குது மா.

அக்கா (7:43)
இப்ப ஃப்ரேமை விரலால லேசா மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அதே வரியைப் படிங்க. தாடையைத் தூக்க வேண்டாம்.

சித்தி (7:46)
அட, இப்ப நல்லா தெரியுதே!

அக்கா (7:52)
அப்ப கண்ணாடி உங்க மூக்குல கீழே இறங்கி உக்காந்திருக்கு. இந்த லென்ஸ்ல மேல்பகுதி தூரத்துக்கு. அங்கேர்ந்து நடுவுல ஒரு குறுகலான பாதை வழியா பவர் கொஞ்சம் கொஞ்சமா கூடிக்கிட்டே போய், அடியில படிக்கற பவர் வரும். அந்தப் பாதையோட நீளமே 11லேர்ந்து 18 மில்லிமீட்டர்தான். ஃப்ரேம் 3 மில்லிமீட்டர் சரிஞ்சாலே படிக்கற இடம் கண்ணுக்கு எட்டாமப் போயிடும். நோஸ் பேடை நெருக்கி, காதுக்குப் பின்னாடி வளைவைச் சரிபண்ணினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

நான் (7:55)
தூரம் பார்க்கும்போது தாடையை இறக்க வேண்டியிருந்தா, அது நேர்மாறா அக்கா?

அக்கா (7:57)
ஆமா. அப்ப லென்ஸ் உயரமா உக்காந்திருக்குன்னு அர்த்தம். படிக்கற பவர் பாதி வழியிலேயே கண்ணுக்கு நேரா வந்துடும், அதனால தூரம் மங்கும்.

சித்தி (8:05)
அப்ப சுவர் ஆடறது? அதுவும் ஃப்ரேமாலயா?

அக்கா (8:15)
இல்ல சித்தி, அது பழகற வகை. பவர் கூடிக்கிட்டே போற லென்ஸ்ல ரெண்டு பக்கத்துக் கீழ் ஓரத்துலயும் மங்கலும் நெளிவும் வந்தே தீரும். 1963-ல மிங்க்விட்ஸ்ங்கற ஜெர்மன் கணித அறிஞர் இதைக் கணக்காவே போட்டுக் காட்டிட்டார். நடுக்கோட்டுல பவர் எவ்வளவு வேகமா ஏறுதோ, அதோட ரெண்டு மடங்கு வேகத்துல பக்கவாட்டுல மங்கல் கூடும். எவ்வளவு உசத்தியான லென்ஸா இருந்தாலும் மங்கலை இங்கேயும் அங்கேயும் தள்ளி வைக்கலாம், ஒழிக்க முடியாது.

தலையைத் திருப்பும்போது காட்சி எவ்வளவு நகரணும்னு காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பும் கண்ணும் ஒரு கணக்கு வச்சிருக்கும். புது லென்ஸ் அந்தக் கணக்கைக் கலைச்சிடுது. மூளை திரும்பக் கத்துக்கணும். நிறைய பேருக்குச் சில நாள்ல சரியாகும், சிலருக்கு ரெண்டு வாரம் ஆகும்.

அக்கா (8:17)
ஆனா காலையில இது, சாயங்காலம் பழைய கண்ணாடின்னு மாத்தி மாத்திப் போட்டா மூளை எதைக் கத்துக்கும்? எழுந்ததுலேர்ந்து இதையே போடுங்க. முதல்ல வீட்டுக்குள்ள உக்காந்த இடத்துல, அப்புறம் நடை. முழுசாப் பழகற வரைக்கும் வண்டி ஓட்ட வேண்டாம்.

அண்ணன் (8:20)
பக்கத்துல இருக்கறதைப் பார்க்கணும்னா?

அக்கா (8:22)
கண்ணை ஓரத்துக்கு ஓட்டாம மூக்கை அந்தப் பக்கம் திருப்பணும். இது கைவந்துட்டா முக்கால்வாசி பழகின மாதிரிதான். படியில மட்டும் தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி, லென்ஸோட மேல்பகுதி வழியாப் படியைப் பாருங்க. கீழ்ப்பகுதி ஏறக்குறைய 40 செ.மீ. தூரத்துக்குச் செஞ்சது. படி அதைவிட ரொம்பத் தள்ளி இருக்கு, அதான் மங்கித் தெரியுது. கைப்பிடியை விடாதீங்க.

சித்தப்பா (8:40)
நானும் இப்ப ஃப்ரேமைத் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். எனக்கும் எழுத்து பளிச்சுனு ஆகுது! இத்தனை வருஷமா தாடையைத் தூக்கித்தான் படிச்சுக்கிட்டிருக்கேன். நானும் கூட கடைக்கு வர்றேன்.

அக்கா (8:44)
கண்டிப்பா வாங்க சித்தப்பா. ரெண்டு பேரும் கடையில ஒண்ணு கேளுங்க: "லென்ஸ்ல மார்க் போட்டு, முகத்துல வச்சுச் சரிபாருங்க." ஒவ்வொரு லென்ஸ்லயும் 34 மில்லிமீட்டர் இடைவெளியில ரெண்டு குட்டிக் குறி பொறிச்சிருக்கும். அதை வச்சு, சிலுவைக் குறி எங்க வரணும்னு மையால போடுவாங்க. நீங்க நேரா பார்க்கும்போது அந்தச் சிலுவை கண் பாப்பாவோட நடுவுல நிக்கணும். ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா.

நான் (8:46)
அந்தக் குறி நம்ம கண்ணுக்குத் தெரியுமா?

அக்கா (8:48)
சாதாரணமாத் தெரியாது. லென்ஸ் மேல வாயால ஆவி ஊதிட்டு, விளக்குக்கு எதிரே சாய்ச்சுப் பிடிச்சுப் பாரு. காதுப் பக்கத்துக் குறிக்குக் கீழே ஒரு எண் இருக்கும். படிக்கறதுக்கு எவ்வளவு பவர் கூட்டியிருக்குன்னு சொல்ற எண் அது.

சித்தி (9:05)
ஆவி ஊதிப் பார்த்தேன் மா. ஓரத்துல ஒரு வட்டம், அதுக்குக் கீழே "22"ன்னு இருக்கு. ரெண்டு லென்ஸ்லயும் அதே எண்.

அக்கா (9:07)
22ன்னு சுருக்கிப் போட்டிருந்தா +2.25. டாக்டர் சீட்டுல "ADD"ன்னு இருக்கற இடத்துல என்ன இருக்கு?

சித்தி (9:10)
அதுவும் +2.25.

அக்கா (9:11)
அப்ப அந்தப் பவர் சரியாத்தான் வந்திருக்கு. பொருத்தத்தை மட்டும் பார்த்தா போதும்.

நான் (9:15)
அக்கா, எனக்கும் அடுத்த மாசம் மாத்தணும். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடிதான்.

அக்கா (9:18)
திரைக்கான பவர் அந்தக் குறுகலான பாதையில இருக்கு. திரை உயரத்துல இருந்தா நீ தாடையைத் தூக்கிக்கிட்டே வேலை செய்வ. திரையோட மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே வர்ற மாதிரி இறக்கு. அப்பவும் கழுத்து வலிச்சா, மேஜை வேலைக்குன்னே செய்யற லென்ஸ் தனியா இருக்கு. திரைக்கும் படிக்கவும் அதுல அகலமா இடம் கிடைக்கும், ஆனா அதைப் போட்டுக்கிட்டு தெருவுல நடக்கக் கூடாது.

சனி

சித்தி (மாலை 5:20)
போயிட்டு வந்தோம். மார்க் போட்டுப் பார்த்தா சிலுவை பாப்பாவுக்கு நல்லா கீழே இருந்தது, எனக்கே கண்ணாடியில காட்டினாங்க. நோஸ் பேடை நெருக்கி, மேல ஏத்தி வச்சாங்க. இப்ப பேப்பர் தாடை தூக்காம படிக்க முடியுது. ஓரத்துல ஆட்டம் இன்னும் இருக்கு, ஆனா காலையில இருந்ததை விட சாயங்காலம் குறைச்சல்.

சித்தப்பா (5:24)
எனக்கு நோஸ் பேடால சரியாகல. ஒரு கண்ணுக்கு அளவே தப்பா எடுத்திருக்காங்களாம். லென்ஸை மாத்தித் தர்றோம்னு சொல்லிட்டாங்க.

பெரியம்மா (5:40)
எல்லாத்தையும் படிச்சுக்கிட்டே வந்தேன். நான் தினம் காலையில ஒரு மணி நேரம் நடக்கறேன், எழுபதைத் தாண்டியாச்சு. எனக்கு இந்தக் கண்ணாடி ஆகுமா?

அக்கா (5:48)
வீட்டுக்குள்ள தாராளமாப் போடலாம் பெரியம்மா. ஆனா நடைக்கும் வெளிப் படிக்கும் தூரத்துப் பவர் மட்டும் உள்ள தனிக் கண்ணாடி ஒண்ணு வச்சுக்கங்க. ஆஸ்திரேலியாவுல வயசானவங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2010-ல வெளியிட்டாங்க. அடிக்கடி வெளியே போறவங்க அப்படித் தனிக் கண்ணாடி போட்டப்போ விழறது குறைஞ்சது. வெளியே அதிகம் போகாதவங்களுக்கு அது உதவல, வெளியில விழறது கூடத்தான் செஞ்சது. நீங்க தினம் நடக்கறவங்க, உங்களுக்கு அவசியம் வேணும்.

பெரியம்மா (5:51)
சரிடி கண்ணு. கடையில என்னன்னு கேக்கணும்?

அக்கா (5:55)
"தூரத்துப் பவர் மட்டும், சிங்கிள் விஷன்"னு சொன்னா போதும். அதுக்கு முன்னாடி கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, புரை இருந்தா புதுக் கண்ணாடி போட்டும் மங்கலாத்தான் தெரியும். சித்தி, உங்களுக்கும் சொல்றேன். பழகற நாள்ல திடீர்னு ரெட்டையாத் தெரிஞ்சாலோ, கண்ணுல மின்னல் வெட்டினாலோ கண்ணாடியாலதான்னு விட்டுடாதீங்க. அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும்.

சித்தி (5:58)
சரி மா. ரெண்டு வாரம் போட்டுட்டு எப்படி இருக்குன்னு இங்கேயே எழுதறேன்.